ரோமில் அடுப்பில்லாத வீட்டுக்காரர்கள் எங்கே சாப்பிட்டார்கள்?

ஓலைச்சுவடி:

நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு படம் அனுப்பினார். எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோம ஊரான பொம்பேயில் தோண்டி எடுத்த சுவரோவியம். வெள்ளித் தட்டில் வட்டமாக ஒரு ரொட்டி, அதன் மேல் மாதுளையோ என்னவோ, பக்கத்தில் வைன் கோப்பை. "இரண்டாயிரம் வருடப் பழைய பீட்சா" என்று தலைப்பு. 2023 ஜூனில் அந்த ஓவியம் வெளியானபோதே கிளம்பிய கதை இது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர், கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் ஐரோப்பாவுக்கு வந்தது. பொம்பேயைப் புதைத்த வெசூவியஸ் எரிமலை வெடித்தது கி.பி. 79-ல். நடுவில் 1400 வருடத்துக்கு மேல் கிடக்கிறது. பெரியப்பாவிடம் சொன்னேன். "தக்காளி இல்லாமலும் பீட்சா போடுவாங்கடா" என்றார். அவரிடம் வாதம் பண்ணி நான் ஜெயித்ததே இல்லை.

ஆனால் அதைப் பார்த்ததும் வேறு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. அது வசதியானவர் வீட்டுச் சுவர். ரோம் நகரத்தில் பெரும்பாலான ஜனங்கள் இருந்தது இன்சுலா என்கிற நாலைந்து மாடிக் குடித்தனங்களில். மேல்மாடி அறைகளில் சமையற்கட்டே கிடையாது. மரமும் செங்கல்லும் கலந்த கட்டடம், தீப்பிடித்தால் தெருவே போய்விடும். அப்படியென்றால் மேல்மாடிக்காரன் காலையில் எழுந்து என்ன சாப்பிட்டான், எங்கே சாப்பிட்டான், எவ்வளவு கொடுத்தான்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். சாய்ந்து படுத்துக்கொண்டு திராட்சைக் கொத்தைக் கடிக்கிற சினிமா ரோமர்கள் வேண்டாம்.

தென்திசை:

பொம்பேயில் நடந்து பார்த்தவன் என்கிற தகுதியில் முதலில் வருகிறேன். அங்கே தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடைதான். நூற்றைம்பது வரை எண்ணியிருக்கிறார்கள். தெருவைப் பார்த்தபடி ஒரு கல் மேடை, 'ட' மாதிரி மடங்கி உள்ளே போகும். மேல்பரப்பில் உடைந்த பளிங்குத் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் பதித்திருப்பார்கள். அதில் வட்ட வட்டமாக வாய். எட்டிப் பார்த்தால் உள்ளே பெரிய மண்சாடி, மேடைக்குள்ளேயே புதைத்தது.

வெத்தூத்தியுஸ் பிளாசிதுஸ் என்பவருடையது என்று சொல்லப்படும் கடையில் கொஞ்ச நேரம் நின்றேன். பின்சுவரில் குடும்ப தெய்வங்களுக்கு ஒரு மாடம் வரைந்திருக்கிறது. கூடவே வியாபாரத்துக்கு மெர்குரி, குடிக்கு பாக்கஸ். கல்லாவுக்கு மேலே சாமி படம் மாட்டுகிற அதே புத்திதான். மேடையில் இருந்த ஒரு சாடிக்குள்ளிருந்து 1385 காசுகள் எடுத்தார்களாம், மொத்த மதிப்பு 585 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்). மலை வெடிக்கும்போது கடைக்காரர் கல்லாவைச் சாடிக்குள் கொட்டிவிட்டு ஓடியிருக்க வேண்டும்.

இந்தக் கடைகளுக்குத் தெர்மோபோலியம் என்று பெயர், சாடிகளில் சுடச்சுடக் குழம்பு இருக்கும், ஆட்கள் நின்றபடியே வாங்கிச் சாப்பிட்டுப் போவார்கள் என்று வழிகாட்டி சொன்னார்.

நக்கீரர் தெரு:

//சாடிகளில் சுடச்சுடக் குழம்பு இருக்கும்//

வழிகாட்டிகள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள் ஐயா. சாடியைச் சுற்றிலும் கல்லும் சுண்ணாம்பும். அடியில் நெருப்பு வைக்க இடமில்லை. சாடி சொரசொரப்பான சுட்ட மண், திரவத்தை உறிஞ்சும். தூக்கிக் கழுவவும் முடியாது. அதில் தினமும் குழம்பு ஊற்றினால் மூன்றாம் நாள் கடைப்பக்கம் யாரும் வரமாட்டார்கள். பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் இப்படிப்பட்ட சாடிகளில் தானியம், பருப்பு, கொட்டை வகைகள் கருகிய நிலையில் கிடைத்திருக்கின்றன. அது காய்ந்த சரக்கு வைக்கிற இடம். சூடாக எதையாவது கொடுத்தால் அது மேடையின் ஓரத்தில் இருக்கும் சின்ன அடுப்பிலிருந்து வந்திருக்கும்.

இன்னொன்று. 'தெர்மோபோலியம்' என்ற சொல்லை ரோம நாடகாசிரியர் பிளாவுத்துஸ் தன் நகைச்சுவை நாடகங்களில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். தெருவில் போகிற ரோமன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். பொப்பினா, கவ்போனா, தபெர்னா, இவைதான் புழக்கத்தில் இருந்தவை. பொப்பினா சாப்பாட்டுக் கடை, கவ்போனா தங்கும் விடுதி, தபெர்னா பொதுவாகக் கடை. இப்போது எல்லாப் பலகையிலும் தெர்மோபோலியம் என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

கல்லாப்பெட்டி:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மெஸ். வரலாறு தெரியாது, சாடி தெரியும். நக்கீரர் தெரு சொல்வது சரி. ஊறுகாய்ச் சாடிக்கே உள்ளே மெருகு பூசியிருக்க வேண்டும். பூசாத மண்பாண்டத்தில் எண்ணெய் இறங்கினால் சிக்கு வாடை போகவே போகாது. மேடைக்குள் புதைத்த பாத்திரத்தைத் தேய்க்க ஒரு பையனைத் தலைகீழாக உள்ளே இறக்க வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். சாடிக்குள் வேறு ஒரு வெண்கலப் பாத்திரத்தை இறக்கி வைத்திருந்தால்?

தென்திசை:

கல்லாப்பெட்டி அண்ணே, நல்ல கேள்வி. அதோடு நக்கீரர் தெருவுக்கும் ஒரு பதில். பொம்பேயின் ஐந்தாம் வட்டாரத்தில் 2020 டிசம்பரில் ஒரு கடையை முழுசாகத் திறந்து காட்டினார்கள் அல்லவா? மேடையின் முகப்பில் ஓவியங்கள்: கடல்குதிரை மேல் ஒரு நீர்த்தேவதை, தலைகீழாகத் தொங்கும் இரண்டு வாத்துகள், ஒரு சேவல், கழுத்துப்பட்டையோடு ஒரு நாய். அந்த நாய்ப் படத்தின் விளிம்பில் நிக்கியாஸ் என்கிற ஆளைத் திட்டி எவனோ கீறி வைத்திருக்கிறான். இங்கே எழுதினால் நிர்வாகி என்னைத் தூக்கிவிடுவார்.

அந்தக் கடையில் கிடைத்த மிச்சங்களில் வாத்து எலும்பு, பன்றி, ஆடு, மீன், நத்தை எல்லாம் இருந்தன. ஒரு சாடியில் வைனும் அடியில் அரைத்த பெரிய அவரைப் பருப்பும். வைனின் நிறத்தையும் ருசியையும் மாற்ற அப்படிப் போடுவது உண்டாம். இதெல்லாம் காய்ந்த சரக்கா?

நக்கீரர் தெரு:

வைன் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். வாத்தும் நத்தையும் விற்றார்கள் என்பதிலும் சந்தேகமில்லை, படமே போட்டிருக்கிறார்களே. கடைக்குக் கடை பழக்கம் வேறாக இருந்திருக்கலாம். ஆனால் எல்லாச் சாடியிலும் குழம்பு கொதித்தது என்பதை மட்டும் விழுங்க முடியவில்லை. கல்லாப்பெட்டி சொன்ன உள்பாத்திர யோசனை நன்றாகத்தான் இருக்கிறது.

ஓலைச்சுவடி:

சாடிச் சண்டை பிரமாதம். காசு விஷயம் யாராவது?

கரிசல் காடு:

அதற்குத்தான் காத்திருந்தேன். எனக்குப் பிடித்த இரண்டு கணக்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பொம்பேயில் ஒரு வீட்டுச் சுவரில் கீறிய வீட்டுச் செலவுக் கணக்கு. நாள்வாரியாக இருக்கிறது. எண்கள் ஆஸ் கணக்கு என்று கொள்கிறார்கள் (ஆஸ் என்பது ரோமரின் சில்லறைக் காசு, 16 ஆஸ் ஒரு தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு). முதல் நாள்: சீஸ் 1, ரொட்டி 8, எண்ணெய் 3, வைன் 3. அடுத்த நாள்: ரொட்டி 8, எண்ணெய் 5, வெங்காயம் 5, கஞ்சிச் சட்டி 1, அடிமைப் பையனுக்கு ரொட்டி 2, வைன் 2. இப்படியே போகிறது. பின்னால் ஒரு நாள் பேரீச்சை, சாம்பிராணி, ஒரு தொத்திறைச்சி எல்லாம் சேர்கின்றன. அன்றைக்கு வீட்டில் ஏதோ விசேஷம் போல. வீட்டாருக்கு ரொட்டி 8 என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. பையனுக்கு மட்டும் தனி வரி, தனி ரொட்டி. அந்த இரண்டு ஆஸ் ரொட்டியை நான் மறக்கவே மாட்டேன்.

இரண்டாவது, இத்தாலியில் இப்போது இசேர்னியா எனப்படும் ஊரில் கிடைத்த கல். இன்றைக்கு பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விடுதியைக் காலி செய்கிற பயணியும் விடுதிக்காரியும் கணக்குத் தீர்க்கிற பேச்சு அதில் அப்படியே வெட்டியிருக்கிறது. வைனும் ரொட்டியும் சேர்த்து ஒரு ஆஸ். தொட்டுக்கொள்ள வாங்கியதற்கு இரண்டு ஆஸ். "சரி" என்கிறான். பெண்ணுக்கு எட்டு ஆஸ். அதற்கும் "சரி". கோவேறு கழுதைக்கு வைக்கோல் இரண்டு ஆஸ். அப்போதுதான் ஆசாமிக்குக் கோபம் வருகிறது: இந்தக் கழுதை என்னை அழித்தே விடும்!

கல்லாப்பெட்டி:

எட்டு ஆஸுக்கு வாய் திறக்காதவன் வைக்கோலுக்குக் கத்துகிறான். எங்கள் கடையில் நூறு ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு அப்பளத்துக்குத் தகராறு பண்ணுகிற ஜாதி.

ஆமாம், ரோமில் இலவச ரேஷன் இருந்தது என்கிறார்களே, பிறகு எதற்குக் கடைக்கு வர வேண்டும்?

கரிசல் காடு:

இருந்தது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. கி.மு. 123-ல் காயுஸ் கிராக்குஸ் என்ற அரசியல்வாதி மானிய விலையில் கோதுமை கொடுக்க ஆரம்பித்தார். கி.மு. 58-ல் குளோதியுஸ் என்ற இன்னொரு அரசியல்வாதி அதை இலவசமாக்கினார். ஜூலியஸ் சீசர் வந்து 3,20,000 பேர் இருந்த பட்டியலை 1,50,000 ஆக வெட்டினார். அகஸ்டஸ் காலத்தில் 2,00,000. பட்டியலில் இருந்தது குடியுரிமை பெற்ற ஆண்கள் மட்டும். அடிமை, வெளியூர்க்காரன், விதவை யாருக்கும் கார்டு இல்லை.

கிடைத்ததும் ரொட்டி இல்லை, தானியம். மாதம் 5 மோதி, நம் கணக்கில் 33 கிலோ. மாடி அறையில் 33 கிலோ கோதுமையை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான்? திரிகை வேண்டும், அடுப்பு வேண்டும். ரொட்டிக்காரனிடம்தான் போயாக வேண்டும். ரோமில் ரொட்டிக்கடை என்பதே கி.மு. 171 வாக்கில்தான் வந்தது, அதற்கு முன் ஜனங்கள் 'புல்ஸ்' என்ற கோதுமைக் கஞ்சியில்தான் வளர்ந்தார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். ரேஷனில் தானியத்துக்குப் பதில் ரொட்டியாகவே கொடுத்தது மூன்றாம் நூற்றாண்டில், ஔரேலியன் சக்கரவர்த்தி வந்த பிறகு.

பொம்பேயில் மொதெஸ்துஸ் ரொட்டிக்கடை என்று ஒன்று. அடுப்பைத் திறந்தபோது உள்ளே கருகிய ரொட்டிகள் 81 இருந்தன. எட்டுத் துண்டாகப் பிய்க்க வசதியாக மேலே கோடு போட்ட வட்ட ரொட்டிகள். அடுப்பில் வைத்தவன் எடுக்க வரவில்லை.

நக்கீரர் தெரு:

தெருச் சாப்பாடு என்றால் அரசாங்கத்தையும் பேசியாக வேண்டும். கடைகள் மேல் சக்கரவர்த்திகளுக்கு என்ன காழ்ப்போ! திபேரியுஸ் கடைகளில் பலகாரம்கூட வெளியே வைத்து விற்கக்கூடாது என்கிற அளவுக்குக் கெடுபிடி செய்தார். கிளௌதியுஸ் சக்கரவர்த்தி (மேலே சொன்ன குளோதியுஸ் இல்லை, வேறு ஆள்) வேகவைத்த இறைச்சியும் வெந்நீரும் விற்கக்கூடாது என்றார். நீரோ, பருப்பும் கீரையும் தவிர சமைத்தது எதுவும் கூடாது என்றார். வெஸ்பாசியன் அதையும் குறைத்துப் பருப்பு மட்டும் என்றார்.

நாலு பேர் திரும்பத் திரும்பத் தடை போட்டார்கள் என்றால் யாரும் அடங்கவில்லை என்று அர்த்தம். கூட்டம் கூடிக் குடித்துவிட்டு அரசியல் பேசுவார்கள் என்ற பயம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வயிற்றின் மேல் அக்கறை எல்லாம் இல்லை. இதில் வேடிக்கை, இதே கிளௌதியுஸ் ஒருநாள் செனட் சபையில் எழுந்து, ஒரு துண்டுக் கறி இல்லாமல் யாரால் வாழ முடியும் என்று கேட்டு, இளவயதில் தான் வைன் வாங்கிய பழைய கடைகளைப் பற்றி ஏக்கத்தோடு பேசியிருக்கிறார்.

தொமிதியன் இன்னொரு வகை. கடைக்காரர்கள் தெருவுக்குள் இறங்கி வியாபாரம் செய்ததை அப்புறப்படுத்தினார். கவிஞர் மார்ஷியல் அதைப் பாராட்டி எழுதியிருக்கிறார். நாவிதர், மதுக்கடைக்காரர், சமையல்காரர், கசாப்புக்காரர் எல்லாரும் அவரவர் வாசற்படிக்குள் போய்விட்டார்கள், இப்போதுதான் இது ரோம், இதுவரை ஒரே பெரிய கடையாக இருந்தது என்று. தூண்களில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த வைன் குடுவைகளும் போயின என்கிறார். தண்ணீர்ப் பந்தல் டம்ளரைச் சங்கிலியில் கட்டுகிறோமே, அதே கவலை!

தென்திசை:

கடையில் உட்காருபவர்களை விடுங்கள். தலையில் சுமந்து விற்றவர்கள்? செனெகா குளியல் மண்டபத்துக்கு மேல் குடியிருந்தபோது எழுதிய கடிதத்தில் வருகிறார்கள். கீழே பலகாரக்காரன், தொத்திறைச்சிக்காரன், மிட்டாய்க்காரன், சாப்பாட்டுக்கடைப் பையன்கள் எல்லாரும் ஆளுக்கொரு ராகத்தில் கூவுகிறார்களாம். தத்துவஞானிக்குத் தலைவலி. மார்ஷியல் கணக்குப்படி ஒரு ஆஸுக்கு வெதுவெதுப்பான அவித்த கடலை கிடைக்கும். குளியலுக்கு வந்தவன் ஈரத்தலையோடு கடலை கொறித்துக்கொண்டு போயிருப்பான்.

அம்மிக்கல்:

எல்லாரும் கடையைப் பற்றியே பேசுகிறீர்கள், கிராமத்தான் என்ன தின்றான்? 'மொரேத்தும்' என்று ஒரு லத்தீன் பாட்டு, கவிஞர் வெர்ஜில் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவர் எழுதியதாக இப்போது யாரும் சொல்வதில்லை. சிமிலுஸ் என்ற ஏழை விவசாயி விடியுமுன் எழுந்து, கணப்பை ஊதி, திரிகையில் மாவரைத்து ரொட்டி தட்டுகிறான். ரொட்டி வேகும் நேரத்தில் தோட்டத்துக்குப் போய் நாலு பூண்டு பிடுங்கி வருகிறான். உரலில் பூண்டு, உப்பு, காய்ந்த சீஸ், கொத்தமல்லி எல்லாம் போட்டு இடிக்கிறான். பூண்டு நெடி ஏறிக் கண்ணில் தண்ணீர் வழிய, புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஒரு பாவமும் அறியாத புகையைத் திட்டுகிறான். பல நிறம் கலந்து ஒரே நிறமாகிறது. கடைசியில் கொஞ்சம் எண்ணெயும் வினிகரும் விட்டு உருண்டையாக வழித்து எடுக்கிறான். துவையல்தான், வேறென்ன.

சந்தேகம்: காரம் இல்லாமல், தக்காளி இல்லாமல், புளி இல்லாமல் இவர்களுக்கு எப்படிச் சாப்பாடு இறங்கியது?

கரிசல் காடு:

அம்மிக்கல் அக்கா, உப்புக்கும் உறைப்புக்கும் இரண்டு விடைகள்: காரும், மிளகு.

காரும் என்பது மீன்சாறு. மீனின் குடலையும் சின்ன மீன்களையும் உப்போடு தொட்டியில் போட்டு வெயிலில் மாதக்கணக்கில் விட்டு வடிப்பது. வடிந்த தெளிவு பணக்காரனுக்கு, அடியில் தங்கும் 'அல்லெக்' என்ற கசடு ஏழைக்கு. பொம்பேயில் உம்பிரிசியுஸ் ஸ்கௌருஸ் இந்த வியாபாரத்தில் பெரும் புள்ளி. வீட்டு முற்றத்துத் தரையிலேயே தன் சரக்குக் குடுவைகளை மொசைக்காகப் பதித்து, "ஸ்கௌருஸின் முதல்தரக் கானாங்கெளுத்திச் சாறு" என்று விளம்பரம் போட்டிருக்கிறார். இந்தச் சாறு ஏற்றிவந்த ஜாடித் துண்டுகள் புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கின்றன.

மிளகு நம் பக்கத்துச் சரக்கு. பொன்னோடு வந்து கறியோடு திரும்பிய யவனர் கலம் அகநானூற்றில் இருக்கிறது. 'கறி' என்றால் அங்கே மிளகு. அந்தப் பக்கம் பிளினி விலை எழுதி வைத்திருக்கிறார். ஒரு ராத்தலுக்குத் திப்பிலி 15 தெனாரியஸ், வெண்மிளகு 7, கருமிளகு 4. உறைப்பு ஒன்றைத் தவிர எந்தச் சிறப்பும் இல்லாத இதற்காகவா இந்தியா வரை போகிறார்கள் என்று அங்கலாய்க்கிறார்.

இப்போது மேலே சொன்ன சுவர்க் கணக்கை வைத்துப் பாருங்கள். ரோம ராத்தல் நம் கணக்கில் 327 கிராம். அதற்குக் கருமிளகு 4 தெனாரியஸ், அதாவது 64 ஆஸ். அந்த வீட்டின் எட்டு நாள் ரொட்டிக் காசு. விலை அதிகம்தான், ஆனால் எட்டாத விலை இல்லை, ஒரு சிட்டிகை எவ்வளவு ஆகிவிடும்? பிரிட்டனில் ரோம ஆட்சியின் வட எல்லையில் இருந்த விந்தோலந்தா கோட்டையில் கிடைத்த மெல்லிய மரத்தகட்டுக் கணக்கில் கம்பாக்ஸ் என்ற ஆள் பெயருக்கு நேரே மிளகு, 2 தெனாரியஸ் என்று இருக்கிறது. சேர நாட்டுக் கொடியில் காய்த்தது, அந்தப் பனியில் ஒருவன் கஞ்சியில் விழுந்திருக்கிறது.

நக்கீரர் தெரு:

கடைசியாக என் பங்குக்குச் சாக்கடை. சிரிக்காதீர்கள். ஹெர்குலேனியத்தில் கடைகளும் மாடிக் குடித்தனங்களும் இருந்த ஒரு கட்டடத்துக்கு அடியில் கழிவுநீர்ச் சுரங்கம். உள்ளே இருந்த மண்ணை எழுநூறு மூட்டைக்கு மேல் அள்ளி, சலித்து, ஒவ்வொரு விதையாகப் பொறுக்கினார்கள். அத்தி விதை, ஒலிவக் கொட்டை, திராட்சை, முட்டை ஓடு, கடல் முள்ளெலி, பல வகை மீன் முள். அங்கே குடியிருந்தவர்கள் பெரும் பணக்காரர்கள் இல்லை, ஆனால் வெறும் கஞ்சி குடித்து வாழ்ந்தவர்களும் இல்லை. ஓலைச்சுவடி கேட்ட கேள்விக்கு நேரான பதில் எனக்குத் தெரிந்து இந்த மூட்டைகளில்தான் இருக்கிறது. விருந்துகளை எழுதி வைத்தவர்கள் இந்த மாடிப்படி ஏறியதே இல்லை.

அதே ஊரில் கடற்கரையில் இறந்து கிடந்தவர்களில் 17 பேரின் எலும்பைச் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். ஆண்கள் பெண்களைவிட அதிகமாகக் கடலுணவு தின்றிருக்கிறார்கள். ஒரே ஊர், ஒரே கடல்.

அம்மிக்கல்:

இதை மட்டும் சோதனை செய்யாமலே சொல்லியிருப்பேன்.

தென்திசை:

சாக்கடை என்றதும் ஞாபகம் வருகிறது. பொம்பேயில் சாதாரணச் சாப்பாட்டுக்கடைகள் இருந்த பகுதியில் ஒரு வடிகாலில் ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்பு கிடைத்தது. வெட்டிய தழும்போடு. யார் ஆர்டர் செய்தார்களோ.

அம்மிக்கல்:

மூன்று நாள் கழித்து வருகிறேன். இழை இன்னும் திறந்திருப்பது நல்லதாய்ப் போயிற்று. கேட்டோ என்பவரின் விவசாய நூலில் 'குளோபி' என்று ஒரு பலகாரம்: சீஸும் கோதுமை நொய்யும் பிசைந்து, உருட்டி, வெண்கலச் சட்டியில் கொழுப்பில் பொரித்து, தேன் தடவி, கசகசா தூவுவது. ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். சீஸுக்குப் பனீர், நொய்க்கு ரவை. முதல் ஈடு எண்ணெயில் பிரிந்து மிதந்தது, மாப்பிள்ளை அரித்து எடுத்துத் தின்றுவிட்டார். ரவையை நன்றாக ஊறவிட்ட பிறகு இரண்டாவது ஈடு நின்றது.

கேட்டோ ஒரு நேரத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் போடு, இரண்டு குச்சியால் அடிக்கடி புரட்டு என்கிறார். எதற்குக் குச்சி என்று ஜல்லிக்கரண்டியை விட்டேன், உடைந்துவிட்டது. அப்புறம் இடியாப்ப மாவு கிளறும் குச்சியும் மத்தின் காம்பும் வைத்து இரண்டு பக்கமும் உருட்டினேன். உடையவில்லை.

கல்லாப்பெட்டி:

அக்கா, ஒரு ஈட்டுக்கு இரண்டு என்றால் கடையில் கட்டுப்படியாகாது. தேன் எவ்வளவு பிடித்தது?

அம்மிக்கல்:

இருபது உருண்டைக்கு அரைக் கிண்ணம். கசகசா தீர்ந்துவிட்டது, பாதிக்கு எள் தூவினேன். கேட்டோவிடம் சொல்லிவிடாதீர்கள்.